பாம்புக்குப் போட்ட பந்தி

வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் எங்கள் கிளினிக்கின் வாட்ஸப் குரூப்பிலிருந்து என்னை யாரும் நீக்கவில்லை. மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். நானும் மூச்சு காட்டாமல் உள்ளேயே இருக்கிறேன். காலையில் காபியோடு உட்கார்ந்து, எந்த ஆமைக்கு எக்ஸ்ரே, எந்தக் கிளிக்கு இறகு கொட்டுகிறது என்று ஒரு வரி விடாமல் படித்துவிடுவேன். “ரிட்டயர் ஆனது நீங்களா, உங்க செருப்பு மட்டுமா?” என்று என் மனைவி கேட்பாள்.

போன வாரம் அந்த குரூப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது கிடையாது, எல்லாம் வீடியோவில்தானாம். ஆளாளுக்குக் கட்டைவிரல் படத்தைப் போட்டு ஆமோதித்தார்கள். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் ஆன்சி என்ற, தமிழ் படிக்கத் தெரிந்த கோட்டயத்துப் பெண் மட்டும் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். “முருகேசண்ணா, நீங்க டாக்டரோட வீடு வீடா போயிட்டு வந்தீங்களே, அப்படி என்ன கெடச்சது? பாம்பு சாப்பிடலன்னா போன்ல பாத்தாலே தெரியாதா?”

நியாயமான கேள்விதான். போனிலேயே பதில் எழுத ஆரம்பித்தேன். துபாய் கராமாவில் இருந்த ஹாஜியார் வீட்டு வாசலைக் கதை நெருங்குவதற்குள் விரல் வலித்துவிட்டது. அதனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன்.

நான் திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரன், சிவகங்கை மாவட்டம். ஷார்ஜாவுக்குப் போனது துப்புரவு கம்பெனி விசாவில். எனக்கு டியூட்டி போட்ட இடங்களில் ஒன்று, பாம்பு, ஆமை, உடும்பு, கிளி இவற்றுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் ஒரு கிளினிக். ஒருநாள் தரை துடைக்கும்போது கைகழுவும் தொட்டிக்கடியில் சாம்பல் நிறத்தில் ஒரு குழாய் கழன்று கிடந்தது. ஏ.சி. தண்ணீர் போகிற குழாய் என்று நினைத்து எடுத்துக்கொண்டு, “டாக்டரம்மா, இத எங்க மாட்டணும்?” என்று அவருடைய அறைக்கே போய்விட்டேன். குழாய் என் முழங்கையைச் சுற்ற ஆரம்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது. கத்துவதற்குக்கூட வாய் வரவில்லை. அசையாமல் நின்றேன். கூண்டைவிட்டுத் தப்பிய பாம்பைக் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த டாக்டர், “எவ்வளவு நிதானமாப் பிடிச்சிருக்கிறீங்கள்!” என்று வியந்து போனார். அடுத்த மாதமே என் விசா கிளினிக்குக்கு மாறியது. என் முழுத் தொழில் வாழ்க்கையும் அந்த நிதானத்தின்மேல் கட்டியதுதான்.

பயிற்சி என்று தனியாக எதுவும் இல்லை. கூடவே நின்று பார்த்ததுதான் படிப்பு. ஊரில் எல்லோரிடமும், “ஆஸ்பத்திரியில் வேலை” என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். லீவில் வந்தால் சொந்தக்காரர்கள் சர்க்கரை மாத்திரைச் சீட்டைக் காட்டி யோசனை கேட்பார்கள். ஷார்ஜா முவைலாவில் என் ரூமில் இருந்தவர்களுக்கு உண்மை தெரியும். நான் குளித்துவிட்டு வரும்வரை சோற்றுச் சட்டியை என் பக்கமே நகர்த்தமாட்டார்கள்.

டாக்டர் தர்ஷினி யாழ்ப்பாணத்துக்காரர். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பாம்பைக் கொண்டுவந்தால் முதலில் பாம்பைப் பார்க்கமாட்டார். கொண்டுவந்தவரை உட்காரவைத்து, “என்ன நடந்தது எண்டு முதல்ல இருந்து சொல்லுங்கோ” என்பார். அவர்கள் கூகுளில் படித்தது, கடைக்காரன் சொன்னது, மச்சான் சொன்னது எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். எனக்குத்தான் கால் கடுக்கும்.

பிறகு கை கழுவுவார். என்னையும் கழுவச் சொல்வார், கழுவியிருந்தாலும் சரி. கையில் எலி வாசனை ஒட்டியிருந்தால் பாம்புக்குக் கையும் சாப்பாடுதான். துணிப்பையோடு எடை போட்டு, பையின் எடையைக் கழிப்பது என் வேலை. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் வாயை மெதுவாகத் திறந்து, ஈறு சிவந்திருக்கிறதா, எச்சில் நூலாக இழுக்கிறதா என்று பார்ப்பார். கழுத்திலிருந்து வால்வரை வயிற்றுப் பக்கம் கட்டைவிரலை ஓட்டுவார், ஏதாவது கட்டி தட்டுகிறதா என்று. அப்புறம் கழிவை எடுத்துப் பூச்சி இருக்கிறதா என்று பரிசோதிப்பார். எல்லாம் முடிந்ததும் பெரும்பாலும் ஒரே ஒரு மருந்துதான் சொல்வார். “பொறுங்கோ.” எங்களுக்குள் அவருக்குப் பெயரே பொறுங்கோ டாக்டர்தான். அது அவருக்கும் தெரியும்.

எங்கள் ஊர்ப்பக்கம் பாம்பு என்றால் அடிப்பார்கள், இல்லாவிட்டால் கும்பிடுவார்கள். துபாய், ஷார்ஜா பக்கம் வளர்க்கிறார்கள். வளர்க்கிறவர்களுக்கு வரும் கவலை பெரும்பாலும் இரண்டுதான். சாப்பிட மாட்டேன் என்கிறது. சாப்பிட்டதை வெளியே தள்ளிவிடுகிறது.

காலித் என்ற உள்ளூர் அரபுப் பையனின் பாம்பு இரண்டாவது வகை. செக்கச்செவேலென்று, பார்க்க அவ்வளவு அழகான பாம்பு. எலிக்குஞ்சைச் சாப்பிடும், மூன்றாம் நாள் அப்படியே கக்கிவிடும். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. டாக்டர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்றார். வெளியே தார் உருகுகிற வெயில். காலித்தின் அறைக்குள் நுழைந்ததும் எனக்குப் பல் கிட்டியது. ஏ.சி.யை அப்படி வைத்திருந்தான், மேலே கம்பளி வேறு. பாம்புக்கென்று கண்ணாடித் தொட்டிக்கடியில் ஒரு சூட்டு விரிப்பு இருந்தது. ஆனால் அதன் பிளக்கைக் கழற்றித்தான் வீட்டுப் பணிப்பெண் தினமும் துணி இஸ்திரி போடுகிறாள். திரும்ப மாட்டுவது அவளுக்கு நினைவிருந்தால் உண்டு.

பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. வெளிச் சூடு இருந்தால்தான் வயிறு வேலை செய்யும். குளிரில் கிடந்தால் உள்ளே போனது செரிக்காமல் கெட்டுப்போகும், பாம்பு அதைத் திருப்பித் தந்துவிடும். பாலைவனத்தில் இருந்துகொண்டு பாம்புக்குக் குளிர் தாக்கும் என்று யார் நினைப்பார்கள்? கக்கியதும் பாவப்பட்டு உடனே அடுத்த எலியைக் கொடுப்பதுதான் எல்லோரும் செய்கிற காரியம். காலித்தும் அதைத்தான் செய்திருந்தான். டாக்டர் தனி பிளக் போடச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் ஒன்றும் கொடுக்காதே, பிறகு பாதியளவு குஞ்சு ஒன்று கொடு, கொடுத்தபின் கையில் எடுக்காதே என்றார். அதோடு சரியாகிவிட்டது.

அதே காலித் அடுத்த வருடம் வேறு புகாரோடு வந்தான். பாம்பு எலியோடு சேர்த்துக் கீழே பரப்பியிருந்த மரத்தூளையும் விழுங்கி, வெளிக்குப் போகாமல் உப்பிக் கிடந்தது. இதற்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பது முதல் வைத்தியம். அகலத் தொட்டியில் ஆழமில்லாமல் தண்ணீர் விட்டு, பாம்பை அதில் விட்டு, வயிற்றை மெதுவாக நீவிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நான்தான் நீவினேன். பலன் எதுவும் தெரியாததால் துடைக்க எடுத்தேன். காலித் ஆசையாகக் கை நீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். உடுத்தியிருந்தது சலவை மணம் மாறாத வெள்ளை அங்கி, கந்தூரா. அடைபட்டிருந்ததெல்லாம் அப்போதுதான் திறந்துகொண்டது. எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவன் குனிந்து மடியைப் பார்த்தான், பாம்பைப் பார்த்தான், “கலாஸ்! முருகேஷ் பாய், கலாஸ்!” என்று, வேலை முடிந்தது என்கிற அர்த்தத்தில், கைதட்டிச் சிரித்தான். நல்ல பையன்.

இனி ஹாஜியார் கதை.

ஹாஜியார் கீழக்கரைக்காரர். கராமாவில் சூட்கேஸ், பை விற்கும் கடை. கடைக்கு மேலேயே ஃபிளாட். அவருக்கு ஒரே மகன், இர்ஃபான். பிறந்ததிலிருந்து துபாயில் வளர்ந்த பையன். மேற்படிப்புக்குக் கனடா போகும்போது தன்னுடைய மலைப்பாம்பை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனான். ஆப்பிரிக்கா பக்கத்து இனம். முழுதாக வளர்ந்தாலும் ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். பயந்தால் பந்தாகச் சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும். அத்தனை பயந்தாங்கொள்ளிக்கு இர்ஃபான் வைத்த பெயர் சுல்தான்.

சுல்தானை ஹாஜியார் முதல்முறை கொண்டுவந்தது ஒரு புத்தம்புது டிராலிப் பெட்டியில். காற்றுக்காக அதில் வரிசையாக ஓட்டை போட்டிருந்தார். அவருக்குப் பாம்பைத் தொடப் பயம். பெட்டியை எங்கள் மேசைமேல் வைத்துவிட்டு மூன்றடி தள்ளி நின்றுகொண்டார்.

“தம்பி, எம்மவன் போனதுலேர்ந்து இது வாயில ஒண்ணும் வைக்க மாட்டேங்குது. இது எனக்கு அமானிதம். அவன் நம்பி ஒப்படைச்சிட்டுப் போன பொருள். லீவுக்கு வரும்போது முழுசா அவன் கையில குடுக்கணும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு அல்லாவுக்கும் பதில் சொல்லணும், மவனுக்கும் பதில் சொல்லணும்.” கொஞ்சம் யோசித்து, “மவனுக்குச் சொல்றதுதான் கஷ்டம்” என்றார்.

டாக்டர் எல்லாம் பார்த்தார். வாய் சுத்தம், ஈறு நன்றாக இருந்தது, வயிற்றில் கட்டி இல்லை, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, கழிவில் பூச்சி இல்லை. எடை மட்டும் குறைந்திருந்தது. இந்த இனத்துப் பாம்பு சில மாதம் பட்டினி கிடப்பது புதிதல்ல, அதற்காக யாரும் பயப்படுவதில்லை. எடை குறைந்துகொண்டே போவதுதான் கெட்ட அறிகுறி. சூடு எவ்வளவு, தண்ணீர் எப்படி, ஒளிந்துகொள்ளப் பெட்டி உண்டா, உறையவைத்து விற்கிற எலி என்ன அளவு, அதை எப்படிச் சூடாக்குகிறீர்கள் என்று டாக்டர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஹாஜியார் ஒரே பதில்தான் சொன்னார்.

“மவன் எப்படிச் செஞ்சானோ அதே மாதிரிதான் டாக்டர். ஒரு கொறையும் வைக்கல.”

வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னோம். அதையும் அனுப்பினார். கண்ணாடித் தொட்டி, சுருண்ட சுல்தான், இடுக்கியில் தொங்கும் எலி. எல்லாம் முறைப்படிதான் இருந்தது. பின்னால் யாரோ பேசும் குரல்கள் கேட்டன. டி.வி. ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டோம். கராமா ஃபிளாட்டில் டி.வி. ஓடாத நேரம் உண்டா? ஆன்சி, இந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை படி.

வாரா வாரம் டிராலிப் பெட்டி வந்தது. வாரா வாரம் எடை இறங்கியது. சுல்தானின் முதுகெலும்பு விரலுக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. ஹாஜியாரும் இளைத்துக்கொண்டே வந்தார். அவருடைய சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்து போகும்போல் இருந்தது.

“குழா வச்சு ஊத்துங்க டாக்டர். ஊசி போடுங்க. என்னமாவது பண்ணுங்க” என்றார் ஒருநாள்.

டாக்டர் அவருக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “குழாய் வைக்கலாம் ஹாஜியார். தொண்டைக்குள்ளால இரைப்பை வரைக்கும் விடவேணும். இது ஏற்கனவே பயந்த பிள்ளை. வெருண்டுதெண்டால் உள்ள போனதையும் கக்கிப்போடும். பிறகு தானாச் சாப்பிடுறதும் பின்னுக்குப் போயிடும். இந்த எடைக்குக் கீழ இறங்கினால் வேற வழியில்லை, கட்டாயம் வைப்பன். அதுவரைக்கும் பொறுங்கோ.” சொல்லிவிட்டு அந்த எடையையும் சொன்னார்.

அந்த எல்லைக்கு அதிக தூரம் இல்லை. இர்ஃபான் வர ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. பொறுங்கோ என்ற சொல் அன்றைக்கு எனக்கே பிடிக்கவில்லை. ஹாஜியார் டிராலிப் பெட்டியை உருட்டாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் டாக்டர், “அண்ணை, நாங்கள் ஒருக்காப் போய்ப் பாப்பம்” என்றார்.

கராமாவில் காரை நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றி, நாங்கள் மாடி ஏறியபோது மதியச் சாப்பாட்டு நேரம். கதவைத் திறந்ததுமே பகூர்ப் புகை மூக்கில் ஏறியது. வீட்டுக்கு ஆள் வந்தால் அங்கே எல்லோரும் போடுகிற வாசனைப் புகைதான். எங்களுக்காகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஹாலின் நடுவில் சுல்தானின் கண்ணாடித் தொட்டி. அதைச் சுற்றிக் கம்பளம். டாக்டர், “நீங்கள் எப்பவும் எப்பிடிச் சாப்பாடு வைப்பியளோ, அப்பிடியே வையுங்கோ. நாங்கள் இஞ்ச இல்லை எண்டு நினையுங்கோ” என்று சொல்லிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

ஹாஜியார் கை கழுவிவிட்டு வந்து தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி ஜெய்னம்பு அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தார். கடையில் வேலை பார்க்கும் இரண்டு பேர் மதியச் சாப்பாட்டுக்கு மேலே வந்திருந்தார்கள். அவர்களும் ஆளுக்கொரு பக்கம் அமர்ந்தார்கள். டியூப்லைட்டைப் போட்டார்கள். பகூர்ச் சட்டியைத் தொட்டிப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்கள். அப்போதுதான் புரிந்தது, புகை எங்களுக்கு இல்லை, சுல்தானுக்கு. கடைசியில், சூடாக்கிய எலி ஒரு பீங்கான் தட்டில் வந்தது.

ஹாஜியார் இடுக்கியால் எலியைத் தூக்கிக் காட்டினார். “பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிடு வாப்பா.”

“ஒரே ஒரு வாய் ராசா” என்றார் ஜெய்னம்பு அம்மாள், கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்து.

“அந்தப் பக்கமாக் காட்டுங்க மொதலாளி, அதுக்குத் தெரியல” என்றார் ஒருவர். “எலி ஆறிப்போச்சு போல” என்றார் இன்னொருவர். இன்னொரு முறை சூடாக்கிக் கொண்டுவந்தார்கள். கண்ணாடியைத் தட்டினார்கள், கெஞ்சினார்கள், கொஞ்சினார்கள். நான்கு பக்கமும் முகம் தெரிந்ததால் சுல்தானுக்குத் திரும்பிக்கொள்ளப் பக்கமே இல்லை. தலையை உடம்புக்குள் இன்னும் ஆழமாகச் சொருகிக்கொண்டது.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாட்டை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன்.

“எப்பவும் இப்பிடித்தானோ ஹாஜியார்?”

“எப்பவும் இப்படித்தான் டாக்டர்!” ஹாஜியார் குரலில் பெருமை. “ஒருநாளும் அதைத் தனியாச் சாப்பிட விட்டதில்ல. எங்க ஊர்ல சாப்பாடுன்னா ஒரே சஹன் தட்டுல நாலு பேரு சேந்து உக்காந்துதான் சாப்பிடுவோம். ஒருத்தனைத் தனியா ஒக்கார வச்சுச் சோறு போட்டா அது அவமரியாத. இது வாயில்லா ஜீவன். துணைக்கு நாமதானே ஒக்காரணும்?”

“இர்ஃபான் இருக்கேக்க எப்பிடி?”

“அவன் புத்தியே வேற. தன்னோட ரூம்ல வச்சு, வெளக்க அணைச்சிட்டு, கதவச் சாத்திட்டு வந்துருவான். கல்நெஞ்சுக்காரப் பயலேன்னு நான் ஏசுவேன். அவன் போனதும் மொத வேலையா இத ஹாலுக்குக் கொண்டாந்துட்டேன், பாவம், ஏங்கிப் போயிரும்னு. மத்ததெல்லாம் அவன் செஞ்ச மாதிரியேதான்.”

வீடியோவில் பாம்பு மட்டும்தான் தெரிந்தது. குடும்பம் முழுவதும் போனுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

டாக்டர் எழுந்து வந்து அவர் பக்கத்தில் கம்பளத்தில் உட்கார்ந்தார். காட்டில் இந்தப் பாம்பு பகலெல்லாம் பொந்துக்குள் கிடக்கும், இருட்டிய பிறகுதான் இரை தேடும், யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் வாயைத் திறக்காது, வாசனைப் புகையில் அதற்கு எலி மணமே தெரியாது என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். “இவனுக்கு மரியாதை எண்டால் தனிய விடுறதுதான் ஹாஜியார்.”

ஹாஜியார் முகம் சுருங்கிப்போனது. “தனியா வுடுறதா மரியாத?” என்று கேட்டார். அவர் மனம் அதை வாங்கிக்கொள்ளவில்லை. இத்தனை நாள் உபசரித்ததெல்லாம் தொந்தரவு என்றால் யாருக்குத்தான் மனம் வாங்கும்?

ஜெய்னம்பு அம்மாள்தான் திடீரென்று சிரித்தார். “டாக்டரம்மா சொல்றது சரிதாங்க. நம்ம கலியாணத்தன்னைக்கு என்னைய நடுவுல ஒக்கார வச்சு, ஒங்க வீட்டுப் பொம்பளைங்க சுத்தி நின்னு, தின்னு புள்ள, தின்னு புள்ளன்னு சொன்னாங்களே, நெனவிருக்கா? எனக்கு ஒரு பருக்கை தொண்டையில எறங்கல. எல்லாரும் போனப்பொறவு அடுப்படியில நின்னுக்கிட்டு வவுறு நெறயத் தின்னேன்.”

“அடிப்பாவி, இத்தன வருசமா இதச் சொல்லவேயில்லையே!” என்றார் ஹாஜியார்.

“நீங்க கேட்டீங்களா?”

எல்லோரும் சிரித்துவிட்டோம். அடக்கிவைத்திருந்த டாக்டரும்தான். கடையாட்கள் இருவரும் தொட்டியைத் தூக்கி இர்ஃபானின் அறைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். பகூரை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, மக்ரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு எலியை உள்ளே வைத்து, தொட்டிமேல் கறுப்புத் துணி போட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட வேண்டும், காலைவரை யாரும் திறக்கக் கூடாது. இதுதான் டாக்டர் உத்தரவு.

முதல் தடவை தோல்விதான். ஹாஜியாரே ஒப்புக்கொண்டார். “கொஞ்சமாத்தான் முருகேசு. ஒரு விரக்கடை கதவத் தொறந்து, டார்ச்ச பொத்திப் பிடிச்சுப் பாத்தேன்.” அந்த வாரம் எடை போட்டபோது முள் எல்லையைத் தொட்டு நின்றது. டாக்டர் குழாயை எடுத்து மேசைமேல் வைத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இன்னும் ஒரே ஒரு தரம் பாப்பம்” என்று திரும்ப உள்ளே வைத்துவிட்டார். குழாய் வைக்காததற்கு நான் பின்னாளில் எத்தனையோ முறை நன்றி சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த முறை அந்த அறையின் சாவி ஜெய்னம்பு அம்மாளின் முந்தானை முடிச்சுக்குப் போனது. சாயங்காலம் எனக்கு ஹாஜியாரிடமிருந்து போன். “கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு ஒக்காரலாமான்னு டாக்டர்ட்ட கேட்டுச் சொல்லு முருகேசு. உள்ள பாக்க மாட்டேன். சும்மா ஒக்காந்திருப்பேன்.” டாக்டரிடம் கேட்காமலே கூடாது என்று சொல்லிவிட்டேன். பாவம், மனைவியோடு கடற்கரைக்கு நடக்கப் போனாராம். கல்யாணமான புதிதில் போனது, அதன் பிறகு அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஹாஜியார் குரல் உடைந்திருந்தது.

“முருகேசு, காணோம்ப்பா.”

தொட்டியைச் சரியாக மூடவில்லையோ, பாம்பு வெளியே போய்விட்டதோ என்று நுரையோடு கத்தினேன். “எது காணோம்?”

“எலி! எலியக் காணோம்! சாப்ட்டுட்டான்ப்பா!”

அந்தப் பக்கம் அவர் அழுதுகொண்டிருந்தார். இந்தப் பக்கம் நானும்தான். அத்தனை வருட வேலையில் ஒரு பாம்பு எலி தின்றதற்கு நான் அழுதது அந்த ஒருமுறைதான். கண்ணைத் துடைப்பதற்குள் ஹாஜியார் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். “இன்னொண்ணு வைக்கவா? ரொம்ப நாள் பட்டினி. வவுறு கேக்கும்.” விருந்து உபசாரம் அந்த மனிதருக்கு ரத்தத்திலேயே ஊறியது. நீண்ட பட்டினிக்குப் பிறகு அளவு மீறினால் கக்கிவிடும், அடுத்த வாரம்வரை தொடக்கூடாது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் என் பஸ் போய்விட்டது.

இர்ஃபான் லீவில் வந்தபோது சுல்தான் பழைய உடம்புக்குத் திரும்பியிருக்கவில்லை. ஆனால் வாரம் ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது, முதுகெலும்பு மறைந்துகொண்டிருந்தது. கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பையன் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, “வாப்பா, யூ டிட் இட்” என்றான். ஹாஜியார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அமானிதம் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது.

பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னான். கனடாவில் அவன் சாப்பிட உட்கார்ந்தால் வீடியோ கால் போட்டு, போனைத் தண்ணீர்க் கிளாஸில் சாய்த்து வைத்துவிட வேண்டுமாம். இங்கே ஹாஜியார், அங்கே இவன். “டெய்லி, அங்கிள். அங்க டின்னர்னா இங்க விடிஞ்சிடும். ஸ்டில் ஹி சிட்ஸ் வித் மீ.” தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “வராத அன்னைக்குச் சாப்பாடு எறங்கலை” என்றான். தமிழிலேயே சொன்னான்.

நான் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பும் வாரம் ஹாஜியார் வீட்டில் எனக்கு விருந்து. டாக்டருக்கு அன்று வேறு வேலை, நான் மட்டும் போனேன். அதே ஹால், அதே கம்பளம், அதே பகூர். நடுவில் ஒரு சஹன் நிறையப் பிரியாணி. உட்கார்ந்தேன். ஹாஜியார் எதிரில் உட்கார்ந்தார். ஜெய்னம்பு அம்மாள் ஒரு பக்கம், கடையாட்கள் ஒரு பக்கம். “சாப்பிடு முருகேசு.” எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஊருக்குப் போகிற நினைப்போ என்னவோ, எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. கை சோற்றில் நின்றுவிட்டது.

ஹாஜியார் அதைப் பார்த்தார். முகம் மாறியது. மெதுவாக எழுந்தார். மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். கடையாட்களையும் எழுப்பினார். “நீ நிம்மதியாச் சாப்பிடு முருகேசு. நாங்க அந்த ரூம்ல இருக்கோம்” என்று சொல்லி, விளக்கு ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

“நான் பாம்பு இல்ல ஹாஜியார். உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஒரே சஹனில் ஐந்து பேரும் கை வைத்தோம். நான் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.